ஆண்டைக் கடைசியாகப் பாருங்கள்: பழைய பிரிட்டன் நாணயங்களைச் சேர்க்கவும் தரம் பிரிக்கவும் போலியை அறியவும்

அரிய ஆண்டு பொறித்த நாணயம் ஒன்று கண்ணில் பட்டால் நம் கை தராசைத் தேடுவதில்லை, பணப்பையைத்தான் தேடுகிறது. போலி நாணயம் செய்பவர்களுக்கும் இது தெரியும். ஆகவே அவர்கள் தங்கள் உழைப்பையெல்லாம் அந்த நான்கு இலக்கங்களில் கொட்டிவிட்டு, எடையையும் விளிம்பையும் பெரும்பாலும் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஏழாம் எட்வர்டு காலத்து 1905ஆம் ஆண்டு அரை கிரவுன் என்ற வெள்ளி நாணயம் 1,66,008 மட்டுமே அச்சிடப்பட்டதால், நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அப்படி ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் வாங்கி வந்து, வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். 14.14 கிராம் இருக்க வேண்டியது 13 கிராமைக்கூடத் தொடவில்லை. புழங்கித் தேய்ந்த நாணயம் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாணயத்தில் மன்னரின் தாடி மயிர் இழை இழையாகத் தெரிந்தது. தேயாத நாணயத்துக்கு எடை மட்டும் எப்படிக் குறையும்? அன்றிலிருந்து ஆண்டைக் கடைசியாகப் பார்ப்பதே என் வழக்கம்.

எதிலிருந்து தொடங்குவது

1971 பிப்ரவரி 15 அன்று பதின்ம முறை வரும்வரை பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்தக் கணக்கில் கால் பென்னியான ஃபார்திங் முதல் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள கிரவுன் வரை பல நாணயங்கள் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்கப் புறப்படுபவர் எதையும் முழுமையாக அறியாமலேயே சலித்துவிடுவார். புதியவருக்கு நான் சொல்வது 1860இல் தொடங்கும் வெண்கலப் பென்னி வரிசை. அதற்கு முன்பிருந்த செப்புப் பென்னியைவிட இது சிறியது, மெல்லியது: எடை 9.45 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். 1860 முதல் 1894 வரை கொண்டையிட்ட இளம் விக்டோரியா, 1895 முதல் 1901 வரை முக்காடிட்ட முதிய விக்டோரியா, பின்பு எட்வர்டு, ஜார்ஜ் மன்னர்கள் என்று ஆள்பவர் முகம் மாறினாலும், பின்பக்கத்தில் பிரிட்டனின் பெண் உருவகமான பிரிட்டானியா அமர்ந்தே இருக்கிறாள். பெரும்பாலான ஆண்டுகள் மலிவாகக் கிடைப்பதால் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. 1902ஆம் ஆண்டுப் பென்னியில் கடல்மட்டக் கோடு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும் வகை, 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை அச்சிட்டவற்றில் ஆண்டுக்கு இடப்புறம் இருக்கும் சிறிய ‘எச்’ என்ற எழுத்து போன்ற நுணுக்கங்களைத் தேடும் இன்பமும் இதில் உண்டு.

நினைவு நாணயங்களாக வெளிவந்த 1951, 1953, 1965ஆம் ஆண்டுக் கிரவுன்களைப் பற்றி ஒரு சொல். பார்வைக்குக் கம்பீரமானவை, பெட்டியில் வைத்துப் பாதுகாக்கப்பட்டவை. லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டதால் சாதாரண வகைகளுக்கு அரிய பொருளின் விலை கொடுப்பது வீண். சர்ச்சில் உருவம் தாங்கிய 1965ஆம் ஆண்டுக் கிரவுன் கோடிக்கும் மேல் அச்சிடப்பட்டது.

வெள்ளி நாணயங்களுக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளை மனத்தில் வைக்க வேண்டும். 1920க்கு முன்பு ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. அந்த ஆண்டில் அது 500 பங்காகக் குறைக்கப்பட்டது. 1947 முதல் புழக்க நாணயங்களில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்தான். மூன்று காலத்திலும் அரை கிரவுனின் எடை மாறவில்லை என்பதால், தராசு மட்டும் இங்கே போதாது.

தராசும் தண்ணீரும்

நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, குறுக்களவை அளக்க ஒரு காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாய்க்கக்கூடிய மேசை விளக்கு ஆகிய நான்கும் இருந்தால் போதும். 1816 முதல் நிலைபெற்ற வெள்ளி நாணய எடைகளை ஒரு தாளில் எழுதித் தராசின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்: கிரவுன் 28.28, அரை கிரவுன் 14.14, ஷில்லிங் 5.66, ஆறு பென்னி 2.83 கிராம். ஒன்று மற்றொன்றின் பாதி, ஐந்தில் ஒன்று என்று அமைந்திருப்பதால் நினைவில் நிற்பதும் எளிது. 1849இல் வந்த, இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள ஃபுளோரினின் எடை 11.31 கிராம். ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கச் சாவரின் 7.99 கிராம். தேய்ந்து சுமார் 7.94 கிராமுக்குக் கீழே போன சாவரினைச் சட்டமே செல்லாததாகக் கருதியது.

எடை சரியாக இருந்தால் அடுத்தது அடர்த்தி. ஒரு சிறு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்துச் சுழியமாக்கிக்கொள்ளுங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நீரில் முழுக்க அமிழ்த்திப் பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான், நாணயம் விலக்கிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். பழைய 925 வெள்ளிக்கு 10.3ஐ ஒட்டியும், சாவரினின் 22 காரட் தங்கத்துக்கு 17.6ஐ ஒட்டியும் விடை வர வேண்டும். 14.14 கிராம் அரை கிரவுனுக்குத் தராசு 1.36 அல்லது 1.37 காட்டினால் நிம்மதி, 1.6 காட்டினால் அது செம்பு சார்ந்த உலோகம். நாணயத்தில் ஒட்டும் காற்றுக் குமிழ் கணக்கைக் கெடுக்கும் என்பதால், அமிழ்த்தியபின் நூலை ஒருமுறை மெல்லத் தட்டிவிடுங்கள். காந்தமும் ஒரு சோதனைதான், ஆனால் அது ஒட்டினால் போலி என்று சொல்லுமே தவிர, ஒட்டாவிட்டால் அசல் என்று சொல்லாது.

விளிம்பு பேசும்

சுத்தியால் அடித்து நாணயம் செய்த காலத்தில் ஓரத்தைச் சிறிது வெட்டி வெள்ளியைத் திருடுவது வழக்கமாக இருந்தது. இயந்திரத்தால் அச்சிடத் தொடங்கிய இரண்டாம் சார்லஸ் காலத்தில் அதைத் தடுக்க விளிம்பில் எழுத்துப் பொறித்தார்கள். ‘டெகுஸ் எட் டூடாமென்’ என்ற அந்த லத்தீன் தொடருக்கு ‘அணியும் அரணும்’ என்று பொருள் கொள்ளலாம். சிறு நாணயங்களின் விளிம்பிலுள்ள பல் வரிகளும் இதே காவலைச் செய்தவை. இன்று அந்த அரண் சேகரிப்பவரைக் காக்கிறது. இரு அரை அச்சுகளைச் சேர்த்து வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி மயிரிழை போன்ற பொருத்துக் கோடு இருக்கும், அல்லது அதை அரம் கொண்டு தேய்த்ததால் பல் வரிகள் ஓரிடத்தில் மழுங்கி, மறுபடி தொடங்கும். நாணயத்தை விரல்களின் நடுவே பிடித்து, லென்ஸின் கீழ் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். என் 1905 நாணயத்தில் ஆறு மணி நிலைக்கு அருகே அந்த மழுங்கல் இருந்தது. வாங்கும்போது முகத்தையும் ஆண்டையும் மாறி மாறிப் பார்த்தவன் விளிம்பை ஒருமுறைகூடத் திருப்பவில்லை.

நகைக்காகக் கொக்கி பற்றவைத்துப் பின்னர் நீக்கப்பட்ட தழும்பும் விளிம்பில்தான் தெரியும். இது போலியன்று, ஆனால் விலையை வெகுவாகக் குறைக்கும் குறை. விற்பவர் சொல்லாமல் விடும் குறைகளில் இதற்கே முதலிடம்.

மேற்பரப்பும், பின்னர் ஆண்டும்

அச்சால் அடிக்கப்பட்ட நாணயத்தின் வெற்றுத் தளம் இறுகி, எழுத்துகளின் ஓரம் தளத்திலிருந்து செங்குத்தாக எழும். வார்த்த போலியில் எழுத்துகள் சோப்புக் கட்டியில் இருப்பவைபோல் வழவழத்துக் கிடக்கும், தளத்தில் குமிழ் வெடித்த நுண்குழிகளும் தெரியும். அச்சு செய்து அடித்த நவீனப் போலியைப் பிடிப்பது கடினம். 1847ஆம் ஆண்டு ‘கோதிக்’ கிரவுனும், 1839ஆம் ஆண்டு தேதியிட்ட ‘உனாவும் சிங்கமும்’ ஐந்து பவுண்டு தங்க நாணயமும், வில்லியம் வையன் செதுக்கிய அழகின் காரணமாகவே ஏராளமாக நகலெடுக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஒரே மருந்து ஒப்பீடு. பெரிய ஏல நிறுவனங்களின் தெளிவான படங்களை அருகில் வைத்து, எழுத்தின் வால், புள்ளியின் இடம், விளிம்பு மணிகளின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். தங்கப் போலிகளில் சரியான தரத்துத் தங்கத்தாலேயே செய்யப்பட்டவை உண்டு. 1917ஆம் ஆண்டு லண்டன் சாவரின் அவற்றில் பேர்போனது. தராசும் தண்ணீரும் அங்கே கைவிரித்துவிடும், எழுத்து வடிவம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஆண்டைப் பாருங்கள். 1933ஆம் ஆண்டுப் பென்னி ஏழு மட்டுமே இருப்பதாக அறியப்படுகிறது. புழக்கத்துக்கு அதை அச்சிட வேண்டிய தேவை அவ்வாண்டில் இல்லை. கட்டடங்களின் அடிக்கல்லில் வைக்கவும் அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கவுமே சில அடிக்கப்பட்டன. இதனால் 1935ஆம் ஆண்டு போன்ற மலிவான பென்னியின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 3 ஆக்குவது பழைய தந்திரம். விளக்கைத் தாழச் சாய்த்து, நான்கு இலக்கங்களின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். திருத்தப்பட்ட இலக்கம் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும், அதைச் சுற்றிய தளத்தில் சுரண்டிய கீறல்களும் நிற வேறுபாடும் இருக்கும். இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு வேடிக்கையும் உண்டு. விக்டோரியா பொன்விழா ஆண்டான 1887இல் வந்த ஆறு பென்னி, வடிவில் அரைச் சாவரினை ஒத்திருந்ததால், ஏமாற்றுக்காரர்கள் அதற்குத் தங்க முலாம் பூசி அரைச் சாவரினாகவே செலுத்திவிட்டார்கள். அந்த வடிவம் அதே ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. முலாம் பூசிய அந்த அசல் நாணயம் இன்றும் அங்கங்கே தங்கம் என்ற பெயரில் தலைகாட்டுகிறது.

தரம் பிரித்தல்

பிரிட்டிஷ் முறையின் படிகள் கீழிருந்து மேலாக ஃபேர், குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று போகும். ‘குட்’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள், அது நல்ல நாணயமன்று. உருவம் நிழலாகத் தெரிந்தால் ‘குட்’ என்பது இத்துறையின் மரியாதை. மேடான பகுதிகள் நன்கு தேய்ந்தும் முக்கிய விவரங்கள் தெளிவாக இருந்தால் ஃபைன். மேடுகளில் மட்டும் சிறு தேய்மானம் என்றால் வெரி ஃபைன். உற்றுப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும் என்றால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். ‘புரூஃப்’ என்பது தரமன்று, சிறப்பாக அடிக்கும் முறை. ஒரு புரூஃப் நாணயம் சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தும் போகலாம். அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகியவை 70 புள்ளி அளவுகோலில் தரமிட்டு நெகிழிப் பேழையில் அடைத்துத் தருகின்றன. அவற்றின் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், பிரிட்டனில் பல நேரம் வெரி ஃபைன் என்றே கொள்ளப்படும் என்பதால் விலைப்பட்டியலை அப்படியே பொருத்தக் கூடாது. பேழையையும் போலியாகச் செய்கிறார்கள், ஆகவே அதிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்துப் பார்ப்போம். விக்டோரியா கொண்டைப் பென்னியில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள கூந்தல். பின்பக்கத்தில் பிரிட்டானியாவின் முழங்காலும் மார்பும் தலைக்கவசமும். விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், புழங்காத நாணயத்தில் ஒளிக்கற்றைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மேற்பரப்பில் ஓடும். தேய்ந்த மேட்டில் அந்த ஓட்டம் அறுந்து, சாம்பல் திட்டாக நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் பென்னிகளில் மட்டும் அவசரப்படக் கூடாது. மன்னர் தலையின் புடைப்பு மிக ஆழமாக இருந்ததால் அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே இழுபட்டு, பிரிட்டானியா மங்கலாக விழுந்தாள். சில நாணயங்களில் மன்னர் தலையின் நிழலே பின்பக்கத்தில் தெரியும். 1920களின் பின்பகுதியில் உருவத்தைத் திருத்தியபின்தான் இது தீர்ந்தது. எனவே மங்கலாக அடிக்கப்பட்டதும் தேய்ந்ததும் ஒன்றல்ல. மங்கிய இடத்திலும் ஒளி தடையின்றி ஓடினால் அது அச்சின் குறை, ஓட்டம் அறுந்தால் புழக்கத்தின் தேய்மானம்.

கழுவாதீர்கள்

கழுவித் தேய்த்த நாணயம் கண்ணாடிபோல் மின்னும், ஆனால் அதில் ஒளி சுழலாது, ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களே தெரியும். இழந்த இயல்புப் பொலிவை யாராலும் திருப்பித் தர முடியாது. கறுத்திருப்பதெல்லாம் அழுக்கும் அன்று. ஃபார்திங்கை அரைச் சாவரின் என்று ஏமாற்றாதிருக்க, 1897 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை ஆலையிலேயே கறுப்பாக்கி வெளியிட்டார்கள். 1934ஆம் ஆண்டுப் பென்னிகளையும் அப்படியே கறுப்பாக்கினார்கள். அவற்றைப் ‘பளிச்’சென்று ஆக்குபவர் அசலைத்தான் அழிக்கிறார். ஒட்டுப்பசையோ எண்ணெயோ இருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் உலர விடலாம். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாகப் பரவினால் அந்த நாணயத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். பிசுபிசுத்த பச்சைப் படலம் வேறு, அதற்குப் பிவிசி என்ற நெகிழியால் செய்த உறைகளே பெரும்பாலும் காரணம் என்பதால், பிவிசி கலவாத உறைகளை மட்டும் வாங்குங்கள். ஓக் மரப்பெட்டி அமில ஆவி விடும், மகோகனி பாதுகாப்பானது.

மண்ணிலிருந்து கிடைத்த மிகப் பழைய நாணயங்களை வாங்கும்போது ஆவணம் கேளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, ஒரே இடத்தில் கிடைத்த, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காடாவது தங்கமோ வெள்ளியோ உள்ள நாணயங்கள் இரண்டு இருந்தாலே அது புதையல், கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு நாணயத்துடனும் ஒரு சிறு அட்டை வையுங்கள். அதில் நீங்களே நிறுத்த எடை, அளந்த குறுக்களவு, அடர்த்தி, வாங்கிய நாள், கொடுத்த விலை, நீங்கள் மதித்த தரம், விற்றவர் சொன்ன தரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். கடைசி இரண்டும் பொருந்தாத அட்டைகளைத் தனியே அடுக்கி, ஆறு மாதம் கழித்து அந்த நாணயங்களை மறுபடி விளக்கின் கீழ் சுழற்றிப் பாருங்கள்.