உருளைக்கிழங்கில நல்ல இனம் எடுக்க வெளிக்கிடுற ஆக்கள் விடுற பிழையள்

கார்த்திகை பிறக்க முன்னமே யாழ்ப்பாணத்தில உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் எங்க போனாலும் ஒரே கதைதான், இந்தமுறை என்ன இனம் நடுறியள், சான்ரேயோ கிறனோலாவோ ரெட் லசோடாவோ எண்டு. இனம் முக்கியம்தான், நான் மறுக்கேல்லை. ஆனா கனபேர் பேரைக் கேட்டதோட நிண்டிடுவினம், கையில இருக்கிற விதைக்கிழங்கு எப்பிடிப்பட்ட செடியில இருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. பரப்புக்கு, அதாவது ஏக்கரில பதினாறில ஒரு பங்குக்கு, கிட்டத்தட்ட ஒரு அந்தர், ஐம்பது கிலோ, விதை போகுது, அவ்வளவு காசைப் போட்டிட்டு இதைக் கேக்காம விடுறது எனக்கு உண்மையா வயித்தெரிச்சலா இருக்கு.

முதல் பிழை, என்னைக் கேட்டா எல்லாத்திலயும் பெரிய பிழை, பெரிய கிழங்கை எல்லாம் வித்துப்போட்டு மிஞ்சின பொடிக்கிழங்கை விதைக்கு வைக்கிறது. விதைக்கு 40, 50 கிராம் காணும்தானே எண்டுவினம். அளவு சரி, ஆனா அந்தக் கிழங்கு ஏன் சின்னனாப் போச்சு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வைரஸ் பிடிச்ச செடி பெரிய கிழங்கு போடாது, சின்னன் சின்னனாத்தான் போடும், அப்ப குவியலில இருந்து சின்னனைப் பொறுக்கேக்க நோய்ச் செடியின்ர பிள்ளையளைத்தான் கூடுதலாப் பொறுக்கிறம், அடுத்த வருசம் அதுவே இன்னும் பெருகும், மூண்டாம் வருசம் "இந்த இனம் தேஞ்சு போச்சு" எண்டு சொல்லி வேற இனம் தேடுவம். இனம் அப்பிடியேதான் இருக்கு, உள்ளுக்க வைரஸ்தான் ஏறிப்போச்சு.

விதைக்குச் செடியைத் தெரிவு செய்ய வேண்டியது பச்சையா நிக்கேக்க, கிழங்கு கிண்டின பிறகு ஒண்டும் தெரியாது. எங்கட பெரியப்பா மார்கழிக் கடைசியில வரிசை வரிசையா நடந்து நல்ல செடிக்குப் பக்கத்தில சிவப்புத்துணி கட்டின ஈர்க்கு குத்திவிடுவார், ரெண்டு கிழமை கழிச்சு திரும்பவும் போவார், வருத்தம் காட்டினதின்ர ஈர்க்கைப் புடுங்கிடுவார். செடியின்ர அடிப்பக்க இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தா அதைக் கையால அமத்திப் பாப்பார், நல்ல இலை மெத்தெண்டு மடியும், சுருட்டை வைரஸ் இருந்தா காய்ஞ்ச கடதாசி மாதிரி மொறுமொறு எண்டு சத்தம் கேக்கும். கடும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டா நிண்டாலும் அந்தச் செடி விதைக்கு வேண்டாம். கிண்டேக்க ஈர்க்குச் செடியளைத் தனியா முதல்ல கிண்டவேணும், அதிலயும் கிழங்கு குறைஞ்ச செடியைக் கழிச்சிடுங்கோ.

அடுத்தது வாடல். நேற்று இறைச்ச தோட்டத்தில ஒரு செடி பச்சையாவே துவண்டு நிண்டா, தண்ணி காணேல்லை எண்டு திரும்ப இறைக்காதேங்கோ. தண்டை நிலத்தோட வெட்டி, ஒரு கிளாஸ் தெளிஞ்ச தண்ணியில வெட்டின பக்கம் தண்ணிக்க இருக்கிற மாதிரிப் பிடியுங்கோ, கொஞ்ச நேரத்தில பால் நூல் மாதிரி வெள்ளையா கீழ இறங்கினா அது பக்டீரியா வாடல். அது கண்ட தோட்டத்தில நல்லா நிக்கிற செடியில இருந்தும் விதை எடுக்கக் கூடாது, வெளியில ஒண்டும் காட்டாமல் கிழங்குக்க இருக்கும். விதைக்கிழங்கை வெட்டி நடுறவை ஒரே கத்தியால சரசரவெண்டு வெட்டிக்கொண்டு போறதும் இதைத்தான் பரப்பும், ஏலுமெண்டா வெட்டாம முழுசா நடுங்கோ. புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் உருளைக்கிழங்கின்ர சொந்தக்காரர்தான், இந்த வாடல் இதுகளுக்கும் வரும், எங்கட ஊரில இதுகளைத்தான் மாத்தி மாத்தி நடுறம், அதை பயிர் மாத்திறது எண்டு கணக்கில எடுக்கேலாது. வெங்காயமோ குரக்கனோ சோளமோ இடையில வரவேணும்.

செடியில தக்காளிப் பிஞ்சு மாதிரிக் காய்க்கிற காயில இருந்து புது இனம் எடுக்கலாமோ எண்டு இளம் ஆக்கள் சிலர் கேக்கினம். எடுக்கலாம், ஆனா அந்த விதை தாயை மாதிரி முளைக்காது. உருளைக்கிழங்குக்கு குரோமோசோம் நாலு தொகுதி, மொத்தம் 48, தாய் தேப்பன்ர குணம் இதுகளாலதான் இறங்கும், ஒவ்வொரு விதைக்கும் அது வேற மாதிரிக் கலந்து போகும், அதால ஒரு காயில இருக்கிற ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு புது இனம். ஆயிரக்கணக்கில வளர்த்து, கழிச்சுக் கழிச்சு, ஒண்டு தேற பத்து வருசத்துக்கு மேல செல்லும். விளைச்சலை மட்டும் பாத்துத் தெரிவு செய்யவும் கூடாது. அமெரிக்காவில 1967இல விட்ட லெனாப்பே எண்ட இனம் சிப்ஸ் பொரிக்க அருமையா இருந்தது, பிறகு சோலனின் மாதிரியான நச்சுப்பொருள் கூட எண்டு கண்டு 1970இல திருப்பி எடுத்தவை. காயில இருந்து வந்த புதுக்கிழங்கு கசந்தா சமைக்காதேங்கோ, பிள்ளையளுக்குக் குடுக்கவே வேண்டாம். அந்தக் காயும் நஞ்சு.

வெளிநாட்டு விளைச்சல் கணக்கை நம்புறது இன்னொண்டு. கிறனோலா ஜேர்மன்காரற்ற இனம், சான்ரே ஒல்லாந்து, அங்க கோடையில பகல் 16 மணித்தியாலம், இரவு குளிர். எங்களுக்கு மார்கழியில பகல் 11½ மணித்தியாலம்தான், இரவும் பெரிசா குளிராது, இரவு வெக்கை கூடக்கூட செடி இலையைத்தான் போடும், கிழங்கு போடாது. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் அதேதான், அதோட அது எங்கட நிலத்துக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி எங்கட குடிதண்ணிக் கிணத்துக்கே வரும்.

மாசி, பங்குனியில கிண்டினதை கார்த்திகை வரைக்கும் சாக்கில கட்டி வைக்கேலாது, சித்திரை வெய்யிலிலயே சுருங்கிப்போம். நிறைய எண்டா குளிர்க்களஞ்சியம் வேணும், பத்திருபது தெரிவுக் கிழங்கு எண்டா ஃபிரிட்ஜின்ர மரக்கறித் தட்டு காணும். நட ஒரு மாதத்துக்கு முன்னம் வெளியில எடுத்து, வெய்யில் நேர படாத வெளிச்சத்தில தட்டில பரவி விடுங்கோ, கட்டையா, தடிப்பா, பச்சை முளை வரும். இருட்டில வைச்சா இடியப்பம் மாதிரி வெள்ளையா நீண்டு, நடேக்க முறிஞ்சுபோம்.

புது இனம் எண்டா முதல் வருசமே முழுத் தோட்டத்துக்கும் போடாதேங்கோ. உங்கட பழைய இனத்துக்குப் பக்கத்தில ஒரு வரிசை, அதே நாள், அதே இறைப்பு, அதே பசளை, ரெண்டிலயும் 20 செடி எண்ணிக் கிண்டி நிறுத்து, திகதியோட கொப்பியில எழுதுங்கோ. அடுத்த மாரியும் அதையே செய்யுங்கோ, ஏனெண்டா மழை ஒரு வருசம் மாதிரி மற்ற வருசம் பெய்யாது.