24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 60 வோல்ட் டிரான்சிஸ்டர் ஏன் போதாது?

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளுக்காக, பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தேன். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவில் சுழி, இரு பக்கமும் 24 வோல்ட்), 60 வோல்ட் தாங்கும் 2என்3055 – எம்ஜே2955 டிரான்சிஸ்டர் ஜோடி, 8 ஓம் ஸ்பீக்கர். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சுவிட்சைப் போட்டு, முதல் பாட்டுக்குச் சத்தத்தை ஏற்றினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஊஃபரின் கூம்பு முன்னால் துருத்திக்கொண்டு அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தால், மேல்பக்க டிரான்சிஸ்டரில் (அதன் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர்) கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே சுழி ஓம். அதாவது பிளஸ் சப்ளை முழுசும் நேராக ஸ்பீக்கருக்குள் போயிருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 6 ஓம்தான் காட்டும். 39 வோல்ட்டை 6 ஓமில் கொடுத்தால் 250 வாட், அதுவும் வெறும் சூடாக. எந்தச் சுருளும் தாங்காது.

39 வோல்ட் எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது 24தானே? வீட்டில் ஆம்ப்ளிஃபயர் செய்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நானும் விழுந்திருக்கிறேன். அதனால் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் காட்டுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 24 என்பது ஏசியின் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஒருவகைச் சராசரி. பிரிட்ஜ் டயோடும் ஃபில்டர் கெப்பாசிட்டரும் போட்டால், கெப்பாசிட்டர் அலையின் உச்சி வரைக்கும் ஏறி நிற்கும். உச்சி என்பது 24 × 1.414, அதாவது 33.9 வோல்ட். டயோடில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைய இழந்தாலும் 33 மிஞ்சும். இது முழு லோடில், சுவரில் சரியாக 230 வோல்ட் வரும்போது. லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது சாதாரணம். அப்போது 24 என்பது 26.4. சரி, சுவரில் எப்போதும் 230 இருக்குமா? சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, மிக்ஸி ஓடும்போது எங்கள் தெருவில் 215-க்கு இறங்கிவிடும். விடியற்காலையில் ஊர் தூங்கும்போது ஏறும். அந்த ஆடி நாளுக்குப் பிறகு ஒரு வாரம் ஐந்து மணிக்கு எழுந்து அளந்தேன். 248 வரை பார்த்தேன். 26.4 வோல்ட்டை 248-க்கு ஏற்ப உயர்த்தினால் 28.5, அதன் உச்சி 40, டயோடு போக ஒரு பக்கம் 39.5 வோல்ட். பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்த்தால் 79.

சாயங்காலம் அதே பெட்டியில் 64 வோல்ட் போல இருந்திருக்கும். 60 வோல்ட் டிரான்சிஸ்டர் கொஞ்சம் கூடுதலைத் தாங்கிப் பிழைத்துக்கொண்டது. விடியற்காலையில் தாங்கவில்லை.

இரண்டையும் ஏன் கூட்ட வேண்டும் என்று பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கேட்டான். ஐடிஐயில் படிக்கிறான். “அண்ணா, மேல் டிரான்சிஸ்டருக்குப் பிளஸ் 39தானே, கீழ் டிரான்சிஸ்டருக்கு மைனஸ் 39தானே? ஆளுக்குப் பாதிதானே வரும்?” நல்ல கேள்வி. பாட்டு ஓடாமல் ஸ்பீக்கர் ஒயர் சுழியில் நிற்கும்போது அவன் சொல்வது சரி, ஆளுக்குப் பாதி. ஆனால் கிணற்றுக் கப்பியில் இரண்டு குடம் கட்டி இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் மேலே வரும்போது மற்றது அடியில் கிடக்கும். ஒயர் பிளஸ் 37 வரை ஏறும் அந்த நொடியில் கீழ் டிரான்சிஸ்டரின் ஒரு கால் பிளஸ் 37-இல், இன்னொரு கால் மைனஸ் 39-இல். அதன் குறுக்கே 76 வோல்ட். அடுத்த அரை அலையில் மேல் டிரான்சிஸ்டருக்கு அதே கதி. ஆகவே தேர்வு செய்ய வேண்டியது மொத்த வோல்ட்டேஜுக்கு. ஒரே சப்ளையில், வெளியே பெரிய கெப்பாசிட்டர் வைத்து ஓடும் பழைய வகை சர்க்யூட்டிலும் இதே விதிதான். அங்கே மொத்தம் என்பது அந்த ஒரே சப்ளை.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு கணக்குப் போட முடியாது என்றால் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். இப்படி நடுவில் சுழி உள்ள சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்க எண்ணை 3.3-ஆல் பெருக்குங்கள். 12-0-12 என்றால் 40, 18-0-18 என்றால் 59, 24-0-24 என்றால் 79, 35-0-35 என்றால் 116. மோசமான நேரத்து மொத்தம் இது. இதன்மேல் இன்னும் கால் பங்கு சேர்த்து, அதற்குக் குறையாத டிரான்சிஸ்டரை வாங்குங்கள். 12-0-12-க்கு 60 வோல்ட்டுள்ள 2என்3055 தாராளம். 18-0-18-க்கு 100 வோல்ட்டுள்ள டிப்41சி – டிப்42சி, பெரிய ஸ்பீக்கர் என்றால் டிப்35சி – டிப்36சி. 24-0-24-க்கு 100 வோல்ட் என்பது விளிம்பில் நடப்பது; 230 வோல்ட்டுள்ள 2எஸ்சி5200 – 2எஸ்ஏ1943 ஜோடியையே போட்டுவிடுங்கள். 35-0-35-க்கும் அதுவே.

டிப்41 என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கடைசி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது: எழுத்தே இல்லாதது 40 வோல்ட், ஏ 60, பி 80, சி 100. பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டு “டிப் நாற்பத்தொண்ணு பத்து குடுங்க” என்றால் அன்றைக்கு டப்பாவில் எது இருக்கிறதோ அது கைக்கு வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் கொடுக்கிறார்.

தயாரிப்பாளர் தரும் விவரத் தாளான டேட்டாஷீட்டில் எந்த வரியைப் பார்ப்பது என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு வோல்ட்டேஜ் போட்டிருக்கும். 2என்3055-க்கு கலெக்டர்-பேஸ் 100, கலெக்டர்-எமிட்டர் 60. கோயில் பெட்டியைச் செய்தபோது நான் பார்த்தது அந்த 100-ஐ. ஆம்ப்ளிஃபயரில் கணக்குக்கு வருவது பேஸ் திறந்த நிலையில் கலெக்டர்-எமிட்டர் தாங்கும் அளவு, விசிஇஓ என்று போட்டிருப்பது. இரண்டில் சின்ன எண் எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லோரும் மறக்கும் விஷயம். பெரிய டிரான்சிஸ்டர் இரண்டையும் மாற்றிவிட்டு, போர்டில் இருக்கும் சின்னவற்றை அப்படியே விட்டுவிடுகிறோம். பெரியவற்றை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரும் அதற்கு முன்னால் வோல்ட்டேஜைப் பெருக்கும் டிரான்சிஸ்டரும் அவுட்புட்டைப் போலவே மொத்தச் சப்ளையையும் பார்க்கின்றன. பிடி139 தாங்குவது 80 வோல்ட். 79 வோல்ட் சப்ளையில் அதை வைப்பது கண்ணாடி டம்ளரை மேசை ஓரத்தில் வைப்பது போல. அந்த இடத்துக்கு 230 வோல்ட்டுள்ள 2எஸ்சி4793 – 2எஸ்ஏ1837 பொருந்தும். வோல்ட்டேஜைப் பெருக்கும் இடத்துக்கு 300 வோல்ட்டுள்ள எம்ஜேஇ340 – எம்ஜேஇ350. உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ஜோடி ஏறக்குறைய ஒரு பக்கச் சப்ளையை மட்டுமே பார்க்கும், ஆனால் அதுவும் 40 வோல்ட். பிசி548 தாங்குவது 30, பிசி547 தாங்குவது 45, பிசி546 தாங்குவது 65. மூன்றும் பார்க்க ஒரே அச்சு. பலர் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். தயவுசெய்து பிரித்து வையுங்கள். 160 வோல்ட்டுள்ள 2என்5551 போட்டால் கவலையே இல்லை.

ஆனால் கால்களைப் பாருங்கள். தட்டையான முகத்தை நம்மைப் பார்த்து வைத்தால் பிசி546-க்கு இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்5551-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பழைய ஓட்டையில் அப்படியே சொருகினால் தலைகீழாகப் போய்விடும். பேஸ்-எமிட்டர் சந்தி பின்பக்கமாக ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 160 வோல்ட் டிரான்சிஸ்டர் வாங்கியும் ஆறு வோல்ட்டில் உடையும். பிடி139-க்குப் பதிலாக 2எஸ்சி4793 வைக்கும்போதும் இதே கதைதான். முன்னது எமிட்டர், கலெக்டர், பேஸ். பின்னது பேஸ், கலெக்டர், எமிட்டர்.

வோல்ட்டேஜ் சரியாக வந்துவிட்டது என்பதற்காக ஆம்பியரையும் வாட்டையும் அட்டையில் போட்ட எண்படியே நம்பக் கூடாது. 2என்3055-இல் 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட் என்று இருக்கும். 15-ம் 60-ம் ஒரே நேரத்தில் கிடைக்காது. குறுக்கே 40 வோல்ட் நிற்கும்போது அதன் வழியே 2.87 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது, அதுவும் ஒரு விநாடி நேரத்துக்கு மட்டும். வோல்ட் இன்னும் ஏறினால் ஆம்பியர் வேகமாகக் குறையும்; உள்ளே ஒரு புள்ளியில் மட்டும் சூடு குவிந்து உருகிவிடும். ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் கிடையாது. அதில் கரண்டும் வோல்ட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. அதனால் டிரான்சிஸ்டரின் குறுக்கே 40 வோல்ட்டும் வழியே மூன்று ஆம்பியரும் ஒரே சமயத்தில் சேரும் நொடிகள் நிச்சயம் வரும். 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் இன்னும் சீக்கிரமாக வரும். டேட்டாஷீட்டில் இதற்கென்றே ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் பாருங்கள். ஒரு ஜோடி போதாது என்று தோன்றினால் இரண்டு ஜோடி போட்டு, ஒவ்வொரு எமிட்டரிலும் 0.22 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். வாட் எண்ணும் டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருந்தால் மட்டுமே. 150 வாட் என்று போட்டிருக்கும் 5200, உடம்பு 75 டிகிரிக்கு வந்தால் 90 வாட்தான். ஹீட் சிங்கைச் சின்னதாக வைத்துவிட்டு விலையுயர்ந்த டிரான்சிஸ்டர் வாங்குவதில் பயனில்லை.

பெரிய எண்ணாக வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் சரியில்லை. 2என்3055 மெதுவான டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் அதை 1960-களில் கொண்டுவந்தது, அதை நம்பி வரைந்த சர்க்யூட்டுகள் இன்னும் புழங்குகின்றன. அதன் வேகம் சில மெகாஹெர்ட்ஸ், 5200-இன் வேகம் 30 மெகாஹெர்ட்ஸ். பழைய போர்டில் புதியதை அப்படியே வைத்தால் காதுக்குக் கேட்காத உயர்ந்த அலைவரிசையில் தானாகவே அதிர (ஆசிலேட் ஆக) ஆரம்பிக்கும். பாட்டே ஓடாமல் ஹீட் சிங்க் சுடும், அறிகுறி அதுதான். ஒவ்வொரு பேஸிலும் சில ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஸ்பீக்கர் முனையில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய கார் பேட்டரி மாதிரி 12 வோல்ட்டில் ஓட்டுபவர்களுக்கு எதிர்ப்பக்கத் தவறு: அங்கே டார்லிங்டன் டிரான்சிஸ்டர் (ஒரே உறைக்குள் இரண்டு அடுக்கு) வேண்டாம். மேலும் கீழும் ஒன்றரை இரண்டு வோல்ட்டை அதுவே தின்றுவிடும், 12-இல் அது பெரிய நஷ்டம்.

ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் அதே 39.5 தான். 35 வோல்ட் போட்டால் உப்பும். 63 போடுங்கள்.

5200 – 1943 ஜோடியில் போலி நிறையப் புழங்குகிறது. எந்த ஊர்ச் சந்தைக்கும் இது பொருந்தும். அச்சு அழகாக இருக்கும், உள்ளே சின்னச் சில்லு இருக்கும். நான் செய்யும் சோதனை இது: புதுச் சப்ளையின் பிளஸ்ஸிலிருந்து 47 கிலோ ஓம் வழியாகக் கலெக்டருக்கு, எமிட்டரை மைனஸ்ஸுக்கு, பேஸை எதிலும் சேர்க்காமல் விட்டு, கலெக்டர்-எமிட்டர் குறுக்கே அளப்பேன். பிஎன்பி (ஜோடியில் 1943) என்றால் முனைகளை மாற்ற வேண்டும். 79-க்கு மிக அருகில் காட்டினால் அந்த வோல்ட்டைத் தாங்குகிறது என்று பொருள். 50-இலேயே நின்றுவிட்டால் அது உடைகிறது, தூக்கிப் போடுங்கள். 230 தாங்குமா என்று இது சொல்லாது. இருந்தாலும் நம் சப்ளையில் வைக்கவே கூடாததைப் பிடித்துக் கொடுத்துவிடும். 79 வோல்ட் டிசி நன்றாகவே ஷாக் அடிக்கும். சப்ளையை அணைத்து, கெப்பாசிட்டர் இறங்கிய பிறகு கிளிப்பை மாட்டுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டர் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும்.

இப்போது அந்தப் பையன் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டுகிறான். டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர் மட்டும் சேர்த்து, விடியற்காலையில் அவனே எழுந்து அளந்தான். 18-0-18-இல் ஒரு பக்கம் 29.1 வந்தது. அதை டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் டிரான்சிஸ்டர் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினான். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டோம். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிறைந்ததும் மங்கி அணைந்தது. ஸ்பீக்கர் முனையில் டிசி 18 மில்லிவோல்ட். 50-க்குள் இருந்தால் போதும். சீரியஸ் பல்பை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஹீட் சிங்கில் கை வைத்துப் பார்த்தோம், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகே ஸ்பீக்கரை மாட்டினான்.