தொல்லியல் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

தொல்லியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள், பிறந்த ஊர், பெற்றோர், பட்டங்கள், பதவிகள் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, அவர் தோண்டி எடுத்தது என்ன என்பதைக் கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. குறிப்பை எந்த வரிசையில் எழுதினாலும், தகவல் திரட்டுவதை அகழாய்வுக் குழியிலிருந்து தொடங்குவதே நல்லது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியரான டோரதி காரட் (1892–1968) அவர்களை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் அகழாய்வு அறிக்கையைப் படியுங்கள். காரட் 1929 முதல் 1934 வரை அன்றைய பாலஸ்தீனத்தின் (இன்றைய இஸ்ரேல்) கார்மல் மலைக் குகைகளில் அகழாய்வு நடத்தி, அதன் அறிக்கையை 1937இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றான தாபூன் குகையின் மண்ணடுக்குகளுக்கு மேலிருந்து கீழாக ஏ முதல் ஜி வரை அவர் எழுத்துகளை இட்டார். இன்றைய ஆய்வாளர்களும் ‘தாபூன் சி’, ‘தாபூன் டி’ என்றே பேசுகிறார்கள். எந்த வகைக் கல்லாயுதம் எந்த அடுக்கில் கிடைத்தது என்று நீங்களே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், ‘கற்காலத்தில் ஆர்வம் கொண்டவர்’ என்ற வெற்று வரிக்கு வேலையே இருக்காது. நெடுங்காலத்தில் கருவிகள் மாறிய விதத்தை ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் காட்டுவதே அவருடைய அக்கறை என்று துணிந்து எழுதலாம்.

குழியில் உடன் உழைத்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. காரட்டின் அகழாய்வில் அக்கம்பக்கத்து அரபுக் கிராமப் பெண்கள் பெருமளவில் வேலை செய்தனர். தாபூனில் கிடைத்த புகழ்பெற்ற நியாண்டர்தால் (அழிந்துபோன பண்டைய மனித இனம்) பெண்ணின் மண்டையோடு, அவர்களுள் ஒருவரான யூஸ்ரா ஒரு பல்லைக் கண்டுகொண்டதிலிருந்துதான் தெரியவந்தது.

குடும்பப் பின்னணியில் பணியின் திசையை மாற்றியவற்றை மட்டும் சேர்த்தால் போதும். காரட்டின் தந்தை ஆர்ச்சிபால்ட் காரட், பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகளை (உடலின் வேதிமாற்றங்களில் பிறப்பிலேயே இருக்கும் கோளாறுகளை) ஆராய்ந்து பெயர்பெற்ற மருத்துவர். இதை வெறும் பெருமையாக எழுதினால் வாசகருக்குப் பயனில்லை. அவர் 1920இல் ஆக்ஸ்போர்டின் மருத்துவப் பேராசிரியரானதால் குடும்பம் அங்கே குடியேறியது, மகள் அங்கே ஆர். ஆர். மாரெட்டிடம் மானிடவியல் படித்தார், பிறகு பிரான்சுக்குச் சென்று ஆன்றி ப்ரூயிடம் பழைய கற்காலத்தைக் கற்றார் என்று தொடர்புபடுத்தினால்தான் தந்தைக்கும் குகைக்கும் உறவு விளங்கும். சகோதரர்கள் மூவருள் இருவர் முதல் உலகப் போரிலும், ஒருவர் 1919இல் இன்ஃபுளூயன்சாவிலும் இறந்தனர்; அந்தத் துயரத்தை ஈடுகட்டவே டோரதி ஆய்வில் இறங்கினார் என்று நாமாக ஒரு காரணத்தை ஒட்டவைப்பது மட்டும் வேண்டாம்.

பதவிகளை எழுதும்போது, அந்தக் காலத்தில் அப்பதவிக்கு என்ன பொருள் என்று விசாரியுங்கள். காரட் 1939இல் டிஸ்னி தொல்லியல் பேராசிரியர் இருக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். (கார்ட்டூன் டிஸ்னிக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது 1851இல் ஜான் டிஸ்னி நிறுவிய இருக்கை.) கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியதோ 1948இல்தான். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், ‘சாதனைப் பெண்மணி’ போன்ற அடைமொழிகள் தேவைப்படா.

கடைசியாக, மூல ஆவணங்களைத் தேடும்போது அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாதீர்கள். காரட்டின் குறிப்பேடுகளும் புகைப்படங்களும் அழிந்துவிட்டதாகவே நெடுநாள் கருதப்பட்டன. பின்னர் 1990களில் அவை பாரிசுக்கு அருகே சேன்-ஜெர்மேன்-ஆன்-லே அருங்காட்சியகத்தில், அவருடன் பிரான்சில் அகழாய்வு செய்த சூசான் டி சேன்-மாத்யூரனின் உடைமைகளோடு கிடந்தது தெரியவந்தது. ஆகவே, பேராசிரியருடன் யார் யார் களத்தில் நின்றார்கள் என்ற பட்டியலைத் தயாரித்து, அவர்களுடைய பெட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்றும் கேட்டு எழுதுங்கள்.