ஹீமோகுளோபின் லிப்போசோமை உறையவைத்து உலர்த்தும் முறை

தானமாக வந்த சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் அதிகம் போனால் 42 நாள் வைக்கலாம். ஹீமோகுளோபினை லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புச் சவ்வுப் பைக்குள் அடைத்துச் செய்யும் செயற்கை இரத்தத்தைப் பொடியாக்க முடிந்தால் இந்தக் கெடுவைத் தாண்டலாம். 1980களின் இறுதியிலேயே அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ட்ரெஹலோஸ் சர்க்கரை சேர்த்து இதை முயன்றார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறையைச் சொல்கிறேன். இது ஆய்வுக்கு மட்டும்தான், யாருக்கும் ஏற்றுவதற்கு அல்ல.

முதலில் பஃபர், அதாவது பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல். கைக்கு எட்டியது என்று சோடியம் பாஸ்பேட்டை எடுத்துவிடாதீர்கள். உறையும்போது அதிலுள்ள டைசோடியம் பாஸ்பேட் முந்திக்கொண்டு படிகமாகும், மிச்சத் திரவத்தின் பிஎச் மளமளவென இறங்கும். ஹீமோகுளோபின் அதைத் தாங்காது. இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து மெட்ஹீமோகுளோபின் ஆகிவிடும், அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. பொட்டாசியம் பாஸ்பேட்டை 10 மில்லிமோலார் அளவில் எடுங்கள், சோடியம் குளோரைடு கலக்காதீர்கள்.

அடுத்து, உலரும்போது சவ்வைக் காக்கும் ட்ரெஹலோஸ், 300 மில்லிமோலார். சவ்வுக்கு வெளியே மட்டும் இருந்தால் போதாது, உள்ளேயும் வேண்டும். அதனால் லிப்போசோம் செய்வதற்கு முன்பே ஹீமோகுளோபின் கரைசலில் கலந்துவிடுங்கள். குளுக்கோஸ் கூடவே கூடாது, புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பாகும்.

10 மில்லி குப்பியில் லிப்போசோம் கலவையை 2 மில்லி ஊற்றி, உறையவைத்து உலர்த்தும் கருவியின் தட்டில் வைத்து, தட்டை மைனஸ் 45 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். அப்புறம் வெற்றிடம்: அழுத்தம் 60 மில்லிடார், தட்டு மைனஸ் 35. இங்கே அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றாதீர்கள். பனி முழுதாகப் போகும் முன் குப்பிக்குள் மைனஸ் 30ஐத் தாண்டினால் உலரும் கட்டி அப்படியே அமுங்கிவிடும். நீராவி இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக்காட்டும் பிரானி மானியின் அளவு இறங்கி, நீராவியால் மாறாத மற்ற அழுத்தமானியோடு (கெப்பாசிட்டன்ஸ் மானி) சேர்ந்தால் பனி போய்விட்டது என்று கொள்ளலாம். பிறகு தட்டை நிமிடத்துக்கு 0.1 டிகிரி வீதம் 25 டிகிரி வரை ஏற்றுங்கள். நைட்ரஜனை விட்டு, குப்பிகள் கருவிக்குள் இருக்கும்போதே மூடிவிடுங்கள்.

கரைக்கும்போது உப்புநீர் வேண்டாம். போன தண்ணீரின் அளவுக்குத் தூய நீர் மட்டும் ஊற்றுங்கள். சர்க்கரை உள்ளேயே இருப்பதால் உப்பும் சேர்ந்தால் கரைந்த பொருள்களின் செறிவு ஏறத்தாழ இரு மடங்காகும்.

சோதிக்கும் முன் சிறிது டிடர்ஜென்ட் விட்டுச் சவ்வை உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒளி சிதறி அளவு பொய்யாகும். ஒளி உட்கவர்வை அளந்து, 541, 577 நானோமீட்டரில் இரண்டு முகடுகள் தெளிவாக நின்றால் நல்லது. 630இல் மேடு தட்டினால் மெட்ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. உடைக்காத இன்னொரு பங்கை அதிவேக மையவிலக்கில் சுற்றி மேல்நீரைப் பாருங்கள். அது சிவந்திருந்தால் சவ்வு கசிந்திருக்கிறது, அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள்.