ஜெயிலுக்குள் ஒரு ஐக்கியம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு எங்கள் சபையிலிருந்து போகும் ஜெபக்குழுவில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் வாலிபர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, என்ன செய்தி கொடுக்கணும்?" என்றுதான். பிரசங்கச் செய்தி அப்புறம். உள்ளே விசுவாசிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாம் போகாத நாட்களிலும் ஜெபிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஐக்கியம் அவர்களுடையது. அதற்குத் துணை நிற்கத்தான் நாம் போகிறோம்.

அனுமதி எளிய வேலைதான், பொறுமை வேண்டும். சபையின் கடிதத்தாளில் போதகர் ஐயரின் கையெழுத்தோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்கள். வருகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் இணையுங்கள். என்ன கொண்டுபோகலாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். திருவிருந்து நடத்துவதாக இருந்தால் திராட்சைச் சாறுக்குக்கூடத் தனியாகச் சொல்லி வைப்பது நல்லது. நாலு பேர் போதும். இருபது பேர் போனால் அது கூட்டம், நட்பு வளராது.

ஒரு விஷயத்தில் இளகவே கூடாது. "இந்தச் சீட்டை மட்டும் என் மச்சானிடம் கொடுத்துருங்க" என்று யாராவது கெஞ்சுவார்கள். மனசு கேட்காது. ஆனாலும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் பொருளோ செய்தியோ கடத்துவது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி குற்றம். நம் ஒருவரால் எல்லாருடைய ஜெபவேளையும் நின்றுபோகும். "நல அலுவலரிடம் சேர்ந்தே கேட்போம் தம்பி" என்று சொல்லி, அப்படியே கேளுங்கள்.

உட்கார்ந்ததும் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். "என்ன கேஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களை எல்லாரும் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டிய நாளில் அவரே சொல்வார். சொன்னது உங்களோடு நிற்கட்டும், சபை ஜெபக் குறிப்பில்கூட வரக்கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ தெரிந்தால் அதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை முதலிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஜெபவேளை முழுவதையும் நாமே பேசித் தீர்த்துவிடக் கூடாது. ஒருவர் வாசிக்கட்டும், ஒருவர் ஜெபிக்கட்டும், பாட்டை அவர்களே எடுக்கட்டும். புத்தகம் பார்க்காமல் எல்லாருக்கும் வரும் கீர்த்தனையாக இருந்தால் வாசிக்கத் தெரியாதவரும் தலை நிமிர்ந்து பாடுவார். நடத்துகிறவர் ஒரே ஆளாக இருப்பது ஆபத்து. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் கிடைக்கும், தண்டனைக் கைதியை வேறு சிறைக்கு மாற்றுவார்கள், மறுவாரம் ஐக்கியம் சிதறிக் கிடக்கும். அதனால் இரண்டு மூன்று பேரையாவது பழக்குங்கள்.

அவர்களுக்கு நீளமான நேரம் சாயங்காலம் கதவு பூட்டியதிலிருந்து விடியும்வரைதான். அந்த நேரத்தில் நாம் இருக்க மாட்டோம், பக்கத்தில் படுத்திருக்கும் சகோதரன்தான் இருப்பான். ஆகவே வாரத்துக்கு ஒரு வேதபகுதியைக் குறித்துக் கொடுங்கள். வெவ்வேறு பிளாக்கில் இருப்பவர்களும் அன்றிரவு அதையே வாசிப்பார்கள். நீங்களும் வீட்டில் அதையே வாசியுங்கள். பிலேமோன் நிருபம் நல்ல தொடக்கம். ஒரே அதிகாரம்தான், காவலில் இருந்த பவுல் எழுதியது. பிலேமோனிடம், அவருடைய அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அதை அவர்கள் விளக்கிக் கேட்கும்போது எனக்குப் புதிதாகவே இருக்கும்.

சோப்பு, எண்ணெய், துண்டு கொடுக்க அனுமதி கிடைத்தால் அந்த பிளாக்கில் உள்ள எல்லாருக்கும் கொடுங்கள். ஜெபத்துக்கு வந்தவருக்கு மட்டும் என்று வைத்தால் அது விசுவாசத்துக்குக் கூலி கொடுப்பதாகிவிடும். அதே சமயம், பொருள் கொடுப்பதைத் தாழ்வாகவும் நினைக்க வேண்டாம். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவிடம் துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வரச் சொல்கிறார். குளிர் குளிர்தானே.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு போக நிறையப் பேர் முன்வருவார்கள். பிப்ரவரியில் ஆள் தேட வேண்டியிருக்கும். உங்களால் முடிந்த இடைவெளியைச் சொல்லுங்கள், மாதம் ஒரு தடவை என்றாலும் சரி, சொன்னபடி போங்கள். போக முடியாத மாதம் கடிதம் எழுதுங்கள். அதிகாரிகள் படித்த பிறகுதான் அவர் கைக்குப் போகும், அதை நினைவில் வைத்து எழுதுங்கள். மழை பெய்ததா, சபையில் அசன விருந்து எப்படி நடந்தது, இப்படிச் சாதாரணச் செய்திகளை அவர்கள் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

வழக்கு பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் அதற்கான 15100 என்ற தொலைபேசி எண்ணையும் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் சம்மதித்தால் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெட்கத்தில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருக்கலாம். நம் பக்கத்து ஊர்களில் இன்னொன்றும் உண்டு: பாதிக்கப்பட்ட குடும்பமும் அதே சபையில் இருக்கும். அவர்களிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று போய் நிற்கும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் துக்கத்தையும் கேளுங்கள், அதற்குக் குழுவில் வேறு ஒருவர் போவது நல்லது.

விடுதலைக்கு முன்பே மூன்று காரியம் பேசி முடிவு செய்யுங்கள். வாசலில் யார் நிற்பது, அன்றிரவு எங்கே தங்குவது, முதல் ஞாயிறு யாரோடு ஆலயத்தில் உட்காருவது. ஐயரிடமும் இரண்டு குடும்பங்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். வந்த உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். நாற்காலி போட, பந்தி பரிமாற எல்லாரோடும் கூப்பிடுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா, ஆதாரில் கைபேசி எண் சரியா, வங்கிக் கணக்கு செயல்படுகிறதா என்று அவரோடு இ-சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலைக்குக் கேட்டுப் போகும்போது, முதலாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.