லைன்மேன் அண்ணன் ரிட்டயர் ஆகப்போகிறாரா? இப்போதே ஆரம்பியுங்கள்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. ஊரில் பேசுவது தமிழ், மேலிடத்தில் பேசுவது மலையாளம், கம்ப்யூட்டரில் ஏறுவது இங்கிலீஷ். இந்த மூன்றுக்கும் நடுவில் 34 வருஷம் ஒரே ஆள் நின்றார். எங்களுக்கு அவர் அண்ணன். போன வருஷம் மே 31 அன்று ரிட்டயர் ஆனார், மறுநாள் ஜூன் 1, கேரளாவில் மழை ஆரம்பிக்கிற கணக்கும் அதுதான். எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அப்படிக் கூட்டமாகப் போகும்போது யார் யாரிடம் என்னத்தைக் கேட்டு வைப்பது? ஒரே ஒருத்தர், தேதி முன்கூட்டியே தெரிந்து போகிறார் என்றால் அது கொடுப்பினைதான். அந்தக் கொடுப்பினையை நான் எப்படிப் பாதி வீணாக்கினேன், மீதியை எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் கீழே இருப்பது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. தப்பில் முக்கால்வாசி என்னுடையது.

முதலில் தேதி. மத்திய அரசு விதியைப் பின்பற்றும் ஆபீஸ் என்றால் 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள்தான் ரிட்டயர்மென்ட். ஆனால் பிறந்த தேதி 1 என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளே கதை முடிந்துவிடும், இது தெரியாமல் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்து ஏமாந்த ஆபீஸ் உண்டு. அப்புறம் லீவு. 300 நாளுக்கு மேல் சேர்ந்த லீவுக்குக் காசு கிடையாது, அதனால் மிச்சத்தைக் கடைசி மாதங்களில்தான் எடுப்பார், பென்ஷன் பேப்பருக்கு வேறு அலைவார். காலண்டரில் ஆறு மாதம் இருந்தால் உங்கள் கையில் இருப்பது மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கேட்காதீர்கள், கூடப் போங்கள்

"ஹேண்ட் ஓவர் நோட் எழுதித் தாங்கண்ணா" என்று நான் கேட்டேன். ஒரு வாரம் கழித்து அரைப் பக்கம் வந்தது. "பேட்டரி பார்க்கவும். கேபினட் சாவி ஆணியில். மழையில் பாலத்தடி ஜாயிண்ட் கவனிக்கவும்." எந்தப் பாலம் என்று இல்லை. மறுபடி கேட்டதற்கு, "எழுதறதுக்கு என்ன தம்பி இருக்குது, வண்டிய எடு, வந்தா காட்டறேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அவருக்குத் தெரிந்தது எதுவும் வார்த்தையாக அவருக்குள் இல்லை, அந்த இடத்துக்குப் போய் நின்றால்தான் வெளியே வரும்.

அதனால் ரூட் ரூட்டாக அவரைப் பின்னால் உட்காரவைத்துப் போங்கள். மேப்பில் கேபிள் ரோட்டின் இடது பக்கமாக நேராகப் போகும். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அண்ணன் நிறுத்தச் சொல்வார், "இங்க பாறை, அப்பவே வலது பக்கம் தாண்டிட்டம்" என்பார். மேப் போட்டவருக்கு அது தெரியாது. அந்த இடத்தில் செல்போனில் லொகேஷன் குறித்துக்கொள்ளுங்கள், அவர் கையைக் காட்டி நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும் எடுங்கள். போட்டோவில் நகராத பொருள் ஏதாவது இருக்க வேண்டும், கோயில் மதிலோ கல்வெர்ட்டோ. நான் முதல் நாள் சிவப்பு பெயின்ட் அடித்த தென்னை மரத்தை அடையாளமாக வைத்தேன். ஓணத்துக்குள் அந்தத் தென்னையை வெட்டிவிட்டார்கள்.

ஃபால்ட் வரும்போது கூடப் போவது இதைவிட முக்கியம். "ஃபால்ட் வந்தா என்ன பண்ணுவீங்க" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அவர் வண்டியைத் திருப்புகிற அந்த நொடியில் "ஏண்ணா இந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். ஒரு நாள் எருத்தேம்பதி போகிற வழியில் எட்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் நெட் போய்விட்டது. எட்டும் ஒன்றாகப் போனால் ஸ்ப்ளிட்டருக்கு, அதாவது ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு, முன்னால் கோளாறு, ஒன்று மட்டும் போனால் ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால், இது ட்ரெயினிங்கிலேயே சொல்லிக்கொடுப்பது. நான் ஏணியை இறக்கினேன். அண்ணன் ஏணியையே பார்க்கவில்லை. தோப்புக்குள் கேபிள் போகிற வழியிலேயே தலையைக் குனிந்து மெதுவாக நடந்தார், நாலாவது மரத்தடியில் நின்றார். தரையில் மிளகு தூவின மாதிரி கறுப்பாகத் துணுக்குகள். அணில் கடித்துத் துப்பிய கேபிள் தோல். "மேல ஏறாத தம்பி, முதல்ல கீழ பாரு." நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே ஃபைபர் பல்லிளித்துக்கொண்டு இருந்தது.

இன்னொன்று, ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் மூடியின் உள்பக்கம். ஒவ்வொரு போர்ட்டுக்கும், அதாவது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும், வரும் ஒளியின் அளவை டி.பி.எம். கணக்கில் மார்க்கரால் தேதியோடு எழுதி வைத்திருந்தார். மைனஸ் கூடக் கூட ஒளி குறைவு என்று அர்த்தம். மைனஸ் 20 என்று இருந்த வீடு இன்றைக்கு மைனஸ் 25 காட்டினால் நெட் ஓடும், ஆனால் எங்கேயோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு. மைனஸ் 27 தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் போகும். கம்ப்ளெயின்ட் வருவதற்கு முன்னாலேயே அவர் போய் நின்ற ரகசியம் இதுதான். மூடியை மாற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், புது மூடி வந்ததென்று பழையதைக் காயலான் கடையில் போட்டவர்கள் நாங்கள்.

அவருடைய போன்தான் கம்ப்ளெயின்ட் புக்

ஜூன் மாதம் எங்கள் கம்ப்ளெயின்ட் கணக்கு சட்டென்று இறங்கியது. மழைக்காலத்தில்! மேலிடத்தில் சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் பெருமை, பொய் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துக் கோபாலபுரம் பக்கம் ஒரு டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன், டீ ஆறிக்கொண்டிருக்கிறது, மனுஷன் போனில் யாருக்கோ அடாப்டரைப் பிடுங்கி மாட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் யாரும் கம்ப்ளெயின்ட் நம்பருக்கு எப்போதுமே அடித்ததில்லை. அவருக்குத்தான் அடித்திருக்கிறார்கள், கணக்கில் ஏற்றியதும் அவர்தான், இப்போதும் அவருக்குத்தான் அடிக்கிறார்கள். போனிலேயே சரியாகாதவர்கள் பேசாமல் வேறு கனெக்‌ஷனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது, கடைசி இரண்டு மாதம் அவருக்கு வருகிற ஒவ்வொரு போனையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "இனி இந்தத் தம்பிதான் வருவான், நம்பர் குறிச்சுக்குங்க" என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது. நீங்கள் சொன்னால் ஏறாது. அவருடைய சிம்மைக் கேட்காதீர்கள், போனில் உள்ள நம்பரையெல்லாம் மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் வேண்டாம், அது அவர் சொந்தப் போன். யார் யார் நம்பர் தரலாம் என்று அவரே சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் அவர் எந்தப் பேரில் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் "மாரியம்மன் கோயில் அருகில்" என்று இருக்கும், எங்கள் ஏரியாவில் மாரியம்மன் கோயில் நாலு. அவர் போனில் "கெணத்து மேட்டு வீடு", "ரெண்டு நாய் வீடு" என்று இருக்கும். எது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கஸ்டமர் அல்லாதவர்களும் உண்டு. லைனை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லும் கே.எஸ்.இ.பி. (கேரள மின் வாரியம்) லைன்மேன், ஜல்ஜீவன் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜே.சி.பி. டிரைவர், வார்டு மெம்பர். இவர்களை ஆளுக்கொரு டீ குடித்து நேரில் பாருங்கள். ஃபைபர் அறுந்த பிறகு ஜே.சி.பி.காரரோடு சண்டை போடுவதைவிட இது சுலபம்.

பாஸ்வேர்டு, அலாரம் மெசேஜ், ஓ.டி.பி. இதெல்லாம் அவர் நம்பரில் இருந்தால் கடைசி நாளுக்கு முந்தைய வாரமே மாற்றிவிடுங்கள். சாவிக் கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் டேக் கட்டுங்கள்.

பேட்டரி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் மாட்டினேன். எங்களுடையது 2 வோல்ட் செல் 24 கொண்ட வரிசை. சார்ஜில் இருக்கும்போது போர்டில் 54 வோல்ட் காட்டும். நான் தினமும் காலையில் வந்து 54 என்று ரிஜிஸ்டரில் எழுதி கையெழுத்துப் போட்டுவிடுவேன். அண்ணன் மாதத்துக்கு ஒரு நாள் சார்ஜரை நிறுத்திவிட்டு, லோடில் ஓடவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு செல் செல்லாகத் தொட்டுப் பார்ப்பார். வேறு வேலை இல்லாமல் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஜூலையில் ஒரு ராத்திரி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும், கரண்டு போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, கால் மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் படுத்துவிட்டது. மறுநாள் லோடில் வைத்துப் பார்த்தால் 23 செல் நன்றாக இருக்கிறது, 17-ஆவது செல் மட்டும் 1.6-க்கு இறங்கிக் கிடக்கிறது. சார்ஜில் இருக்கும் வரை மொத்தக் கணக்கில் அது ஒளிந்துகொள்ளும். அண்ணன் ஏப்ரலிலேயே அந்தச் செல்லின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார். நான் அதைத் துடைத்துச் சுத்தம் செய்திருந்தேன்.

ஆகையால் அவர் வழக்கமாகச் செய்கிற காரியம் எதுவாக இருந்தாலும், உங்களுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும், அவர் போன பிறகு ஒரு முழு மழைக்காலம் முடியும் வரை அப்படியே செய்யுங்கள். அவருடைய தகர டப்பா, துண்டு வயர், சுவரில் கிறுக்கிய நம்பர் எதையும் அதுவரை தொட வேண்டாம். புது ஆபீசர்களுக்கு வந்ததும் ஸ்டோர் ரூமை ஒழிக்கத்தான் கை துறுதுறுக்கும்.

போன பிறகு

சத்தம்தான் முதலில் மாறும். காலையில் ஷட்டர் திறக்கிற நேரம் மாறும், டீ வாங்கப் போகிற ஆள் மாறுவார், ஒரு வாரத்துக்கு யாரும் வாங்கவே மாட்டார்கள். ஆனால் எங்களுக்குப் பெரிய அடி மொழியில் விழுந்தது. புதிதாக வந்த ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) கோட்டயத்துக்காரர், நல்ல பிள்ளை, தமிழ் வராது. ஒரு பாட்டி போன் பண்ணி, "சாமி, பொட்டில செவப்பு லைட்டு கண்ணு சிமிட்டுது" என்கிறார். அண்ணன் இருந்தால் திரும்பிப் பாலக்காட்டு ஆளிடம் மலையாளத்தில் "எல்.ஓ.எஸ். பிளிங்க் செய்யுன்னு", அதாவது ஒளி வந்து சேரவில்லை என்று காட்டும் விளக்கு சிமிட்டுகிறது என்று சொல்லி, அடுத்த கையில் டாக்கெட் (கம்ப்ளெயின்ட் பதிவு) போட்டிருப்பார். ஜே.இ.க்குக் கண், சாமி இரண்டும் கேட்டு ஏதோ கோயில் விஷயம் என்று நினைத்துவிட்டார். இப்போது சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம், ஊரார் சொல்வது ஒரு பக்கம், கோளாறின் பேர் ஒரு பக்கம். "பொட்டி சூடாகுது", "சுத்திக்கிட்டே இருக்குது", "இடி எறங்கிருச்சு" எல்லாம் அதில் உண்டு. ஐப்பசி இடிக்கு முன்னால் இந்த அட்டையைத் தயார் செய்துவிடுங்கள், அப்போதுதான் அடாப்டர் வரிசையாகப் புகையும்.

அண்ணனுக்குப் போன் பண்ணலாமா? பண்ணலாம், இரண்டு மணி நேரம் நீங்களே தேடிய பிறகு. மதியம் தூங்குகிற நேரத்தில் வேண்டாம். கேள்வி கேட்கலாம், வரச் சொல்லக் கூடாது, அவரே வந்து நின்றாலும் கம்பத்தில் ஏற விடக் கூடாது. விழுந்தால் கேட்பதற்கு ஆபீஸ் இல்லை.

கடைசியாக, லிஸ்டில் நீங்கள் கட்டாயம் மறந்துபோகிற ஒரு கனெக்‌ஷன் இருக்கும். செப்டம்பரில் அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். ஏதோ யோசனை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, என் வீட்ல நெட்டு போச்சு." டாக்கெட் போடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால் விலாசம் அரைகுறை, எந்த ஸ்ப்ளிட்டர், எந்த போர்ட் என்று ஒன்றும் இல்லை. அவர் வீட்டு லைனை இத்தனை வருஷமும் அவரே பார்த்துக்கொண்டார், யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. "வீடு எங்கண்ணா?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், "மாரியம்மன் கோயில் பக்கத்துல" என்றார்.