'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஏன் 5? பைத்தானில் ஸ்ட்ரிங் நீளத்தைச் சரிபார்க்கும் முறை

பைத்தான் 3-இல், ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) நீளத்தைச் சொல்லும் லென் (len) ஃபங்ஷனுக்கு 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். 5 என்று விடை வரும். த, மி, ழ் என மூன்று எழுத்துதானே இருக்கிறது? பைத்தான் தப்பாக எண்ணவில்லை. நாம் எழுத்தை எண்ணுகிறோம், அது யூனிகோட் குறியெண்களை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி தந்திருக்கும் எண்களை, எண்ணுகிறது. நீளம் எதிர்பார்த்தபடி வராவிட்டால் நான் எப்போதும் பார்க்கும் வரிசையைக் கீழே தருகிறேன்.

படி 1: ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவாருங்கள்

பிரிண்ட் செய்து பார்த்தால் போதாது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியோ வரிமுறிப்போ கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் (repr) ஃபங்ஷன் வழியாகப் பாருங்கள், தெரிந்துவிடும். கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுறிப்பு சேர்ந்தே வரும், நீளம் ஒன்று கூடும். இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப் (strip) போட்டால் சரியாகிவிடும்.

படி 2: ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சிடுங்கள்

ஒரு ஃபார் லூப் எழுதி, ஸ்ட்ரிங்கில் உள்ள ஒவ்வொன்றையும், குறியெண்ணைச் சொல்லும் ஆர்ட் (ord) ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். 'தமிழ்' என்பதற்கு இப்படி வரும்:

த – 2980
ம – 2990
இகரக் குறி – 3007
ழ – 2996
புள்ளி – 3021

ஐந்தும் கண்முன்னே வந்துவிட்டன. புள்ளிக்கும் தனி எண் இருப்பதால்தான், முதல் நான்கை மட்டும் வெட்டி எடுத்தால் 'தமிழ' என்று புள்ளி இல்லாமல் நிற்கிறது. முதல் இரண்டை எடுத்தால் 'தம'.

பட்டியலில் 8203 வந்தால் அது அகலமே இல்லாத இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது இப்படிப்பட்டவை கூடவே வரும். ஸ்ட்ரிப் இதை நீக்காது, ரீபிளேஸ் செய்துதான் எடுக்க வேண்டும். முதல் எண்ணே 65279 என்றால் அது கோப்பின் தொடக்கக் குறி.

படி 3: ஒரே சொல், இரண்டு நீளம்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பட்டியலில் 'கொடி' இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. லென் மட்டும் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 என்றது. ஆர்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒன்றில் ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருந்தது, மற்றதில் எகரக் குறியும் துணைக்காலுமாக 3014, 3006 என்று பிரிந்திருந்தது. யூனிகோட் இரண்டையும் ஏற்கிறது. ஒப்பிடும்போதோ சமமில்லை என்றே வரும்.

யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு 'என்எஃப்சி' (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்ற வடிவத்தைச் சொல்லி இரண்டையும் அனுப்புங்கள். இரண்டும் 4 ஆகிவிடும். தமிழ் உள்ளீட்டை வாங்கியவுடனே இதைச் செய்துவிடுங்கள், பின்னால் தேட வேண்டியிருக்காது.

படி 4: பைட்டா, எழுத்தா?

குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட். அதனால் 'தமிழ்' 15 பைட். பிஎச்பியின் எஸ்டிஆர்லென், கோ மொழியின் லென் இரண்டும் பைட்டைத்தான் எண்ணும், 15 என்றே சொல்லும். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை. அங்கே 'தமிழ்' 5 தான், ஆனால் சிரிக்கும் முக இமோஜி ஒன்றே 2 ஆகும். பைத்தானில் அதே இமோஜி 1.

படி 5: உண்மையான எழுத்து எண்ணிக்கை வேண்டுமென்றால்

யூனிகோட்டேட்டாவின் கேட்டகரி ஃபங்ஷன் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் அதன் வகையைச் சொல்லும். வகைப்பெயர் 'எம்' (M) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது உயிர்மெய்க் குறியோ புள்ளியோதான், அதை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள். 'தமிழ்' 3 என்று வரும். ஒரு சிக்கல் உண்டு: 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவற்றை இந்த வழி இரண்டிரண்டாக எண்ணும். அவற்றை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றுதான் என்றால், எண்ணுவதற்கு முன் அந்தக் கூட்டுகளை வேறொரு ஒற்றைக் குறியால் மாற்றிவிட்டு எண்ணுங்கள்.